கொடாததைக் கொள்ளாமை
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமை குறித்துப் பேசுமாறு பணித்தார்கள். நாம் எவர் வீட்டுப் பூட்டையும் உடைப்பதில்லை. ஆகவே இவ்விரதம் எளிதென்று எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு, முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு முகாமில் நாங்கள் சிலர் உணவுப் பொட்டலம் வழங்கினோம். ஈரச் சேலையுடன் கைநீட்டி நின்ற அம்மையார் ஒருவரை, அவர் அறியாமல், கைப்பேசியில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். அது கைமாறி எங்கெங்கோ சென்றது. சில வாரங்களுக்குப்பின் அவர் மகன் என்னைத் தேடி வந்தான், என்னிடம் படித்தவன். "ஐயா, அம்மா அன்று ஒருநாள்தான் கைநீட்டினார்கள். இப்போது உறவினர் எல்லாரும் அந்தப் படத்தைப் பற்றியே கேட்கிறார்கள்" என்றான். அவன் சினந்து பேசவில்லை. அதுவே என்னைச் சுட்டது.

கொடாததைக் கொள்வதே களவு என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுக்கிறது. பொருளின் விலை அங்கே பேசப்படவில்லை. தெருவில் தெரியும் முகம் யாவர்க்கும் பொதுவன்றோ என இளைஞர் வினவலாம். பொதுக் கிணற்று நீரைக் கேளாமல் எடுக்க இல்லறத்தார்க்கு விலக்கு உண்டு. அந்நீர் ஊர்க்கு உரியது. முகமோ ஒருவர்க்கே உரியது. காண்பதற்குத் தெரு இடம் தரும். கண்டதைப் பதிந்து பிறர்க்கு வழங்கும் உரிமையை அவரே தரவேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017இல் தீர்ப்பளித்தனர். நமக்கு அதற்கு நெடுங்காலம் முன்பே விரதம் வாய்த்திருக்கிறது.

நால்வகைத் தானங்களுள் ஆகாரமும் அபயமும் அடங்கும். அன்று என் ஒரு கை ஆகாரம் கொடுத்தது. மறுகை அபயத்தைப் பறித்தது.

மின்ரயிலில் அயர்ந்து உறங்குவோர், நடைபாதையில் காய் விற்கும் மூதாட்டி, விகாரம் செல்லும் முனிவர் ஆகிய எவரையும் கேட்டபின் எடுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். கேட்க இயலாதெனில் முகம் தெரியாமல் எடுங்கள். அறியாமல் எடுத்தவற்றை இன்றே அழித்துவிடுங்கள்.

நான் அந்த அம்மையாரின் இல்லம் சென்று மன்னிப்பு வேண்டினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "சாப்பிட்டுப் போங்க ஐயா" என்று இலை போட்டார். அனுப்பிய படத்தை என்னால் திரும்பப் பெற இயலவில்லை. அதனாலேயே இதை உங்கள்முன் சொல்கிறேன்.

அறம் வாழ்க! ஜெய ஜினேந்திரா!