மருத்துவமனைக்கு ஒரு ரயில் சீட்டு

டாக்டர் வரச்சொன்ன தேதி நெருங்கிவிட்டது. மருத்துவமனையோ வெளியூரில். சொந்தமாகக் கார் இல்லை. வாடகைக் காருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு மாத மருந்தே வாங்கிவிடலாம். "அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம்" என்று எத்தனையோ வீடுகளில் சிகிச்சை தள்ளிப்போவது இதனால்தான்.

இந்தக் கவலைக்கு ரயில்வேயில் ஒரு வழி இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகிறவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. டயாலிசிஸுக்குப் போகும் சிறுநீரக நோயாளி, இதய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர், இவர்களோடு துணைக்குப் போகும் ஒருவர் ஆகியோருக்கும் அதே 75 சதவீதம் உண்டு.

இதற்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம்: டாக்டரின் சான்றிதழ். ரயில்வே வகுத்திருக்கும் படிவத்தில் நோயாளியின் பெயர், நோய், எங்கிருந்து எங்கே பயணம் என்று எழுதி, மருத்துவமனையில் டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். அதை முன்பதிவு கவுண்டரில் கொடுத்தால் சலுகைச் சீட்டு கிடைக்கும். தட்கலில் இந்தச் சலுகை கிடையாது. அதனால் அடுத்த தேதி குறித்துக்கொடுக்கும்போதே சான்றிதழையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நமக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம். போகிற வழிச்செலவுக்குப் பயந்து யாருடைய வைத்தியமும் பாதியில் நிற்கக் கூடாது. தெரிந்தவர்களுக்கு இன்றைக்கே சொல்லுங்கள்.