அச்சம் கற்ற இடம்: ஆக்கநிலையுறுத்தலும் சமூக நடத்தையும்

கைக்குழந்தையைத் திடுக்கிடச் செய்பவை மிகச் சில. எதைக் கண்டு ஒதுங்குவது, எவர் முன் குனிந்து நிற்பது, எந்த வாசலைத் தாண்டாமல் திரும்புவது என்பவையெல்லாம் பிறந்தபின் கற்கப்படுபவை. அவற்றுள் பெரும்பகுதி எவரும் பாடமாகச் சொல்லித் தராமலே படிந்துவிடுகிறது. ஒரு நிகழ்ச்சி இன்னொன்றோடு சேர்ந்து சேர்ந்து வரும்போது, முன்னதைக் கண்டதும் பின்னதை எதிர்பார்த்து உடலும் மனமும் ஆயத்தமாகிவிடுகின்றன. இவ்வாறு இணைப்பின் வழியே நடத்தை உருவாவதை உளவியலார் ஆக்கநிலையுறுத்தல் என்பர். இப்பெரும் பொருளில், கற்ற அச்சம் எவ்வாறு நீங்குகிறது, நீங்கியதாகத் தோன்றியபின் ஏன் திரும்பி வருகிறது என்ற ஒரு கூற்றை மட்டும் இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்கிறது. சமூக மாற்றத்தை விரும்புவோர் அனைவருக்கும் இக்கேள்வி நேரடியாக உரியது.

இவ்வாய்வின் தொடக்கம் ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லவிடம் இருக்கிறது. செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற அவர், உணவு வாய்க்கு வருமுன்பே நாய்களுக்கு உமிழ்நீர் சுரப்பதைக் கவனித்து, அதையே தம் எஞ்சிய வாழ்நாளின் ஆய்வுப்பொருளாக்கிக்கொண்டார். உணவு இயல்பான தூண்டல், உமிழ்நீர் அதற்கான துலங்கல்; உணவுக்கு முன் மெட்ரோனோம் என்னும் தாளக்கருவியின் ஒலியைப் பலமுறை எழுப்பினால், நாளடைவில் அவ்வொலி மட்டுமே உமிழ்நீரைச் சுரக்கச் செய்துவிடும். இவ்வளவையும் பள்ளிப் பாடநூல்களும் சொல்கின்றன. அவை ஓரிரு வரிகளில் கடந்துவிடும் மற்றொரு கண்டுபிடிப்பே இங்கு முதன்மையானது. உணவு தராமல் ஒலியை மட்டும் மீண்டும் மீண்டும் எழுப்பினால் உமிழ்நீர் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். இது மறைதல் எனப்படும். ஆனால் நாயைச் சிறிது நேரம் ஓய்வாக விட்டு, பிறகு அதே ஒலியை எழுப்பினால், நின்றுபோன துலங்கல் எவர் முயற்சியும் இன்றித் தலைகாட்டும். தானே மீளுதல் என்று குறிக்கப்படும் இந்நிகழ்ச்சியிலிருந்து, மறைதல் என்பது அழிதல் அன்று, பழைய இணைப்பு உள்ளே இருக்க அதன்மேல் ஒரு தடை எழுவதே என்ற முடிவுக்குப் பாவ்லவ் வந்தார்.

அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே இதற்கு எதிர்பாராத சான்று ஒன்று நேர்ந்தது. 1924 செப்டம்பர் 23 அன்று லெனின்கிராட் நகரில் நேவா ஆறு பெருக்கெடுத்தபோது, கூண்டுகளில் இருந்த நாய்கள் ஏறிவரும் நீரில் மூழ்கும் நிலைக்கு ஆளாகிக் கடைசி நேரத்தில் மீட்கப்பட்டன. உயிர் தப்பிய நாய்களுள் சிலவற்றில் மாதக்கணக்கில் பயிற்றப்பட்ட துலங்கல்கள் குலைந்துபோயிருந்தன. பொறுமையான மறுபயிற்சியால் அவை திரும்பிய பின்னர், ஆய்வறைக் கதவின் அடியில் சிறிதளவு நீர் கசிந்து வரும்படி செய்து பார்த்தபோது, அந்த ஒற்றைக் கசிவே நாயை மீண்டும் பழைய கலக்கத்தில் தள்ளியது. பயிற்சி மாதங்கள் எடுத்துக்கொண்ட வேலையை அச்சம் ஒரே நாளில் செய்து முடித்தது என்பதும், அந்த அச்சம் எழ வெள்ளம் முழுவதும் திரும்ப வேண்டியதில்லை, அதன் ஓர் அடையாளம் போதும் என்பதும் இதில் கவனிக்கத்தக்கவை.

மனிதக் குழந்தையிடம் இதைச் சோதித்தவர்கள் ஜான் வாட்சனும் ரோசலி ரேய்னரும் ஆவர். 1920இல் வெளியான அவர்களது ஆய்வில், வெள்ளெலியைத் தயக்கமின்றித் தொட்ட குழந்தை ஒன்றின் தலைக்குப் பின்னால், அது எலியைத் தொடும்போதெல்லாம் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்து, எலியையும் பின்னர் முயல், நாய், மென்மயிர்த் தோல் மேலாடை போன்றவற்றையும் கண்டு அஞ்சுமாறு அக்குழந்தையை மாற்றினர். ஊட்டிய அச்சத்தை நீக்காமலே ஆய்வு முடிந்தது. இக்காலத்தின் எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காத இச்செயலை அறிவியல் துணிவு என்று புகழ்வது பொருந்தாது. புகழத்தக்கது நான்காண்டுகள் கழித்து மேரி கவர் ஜோன்ஸ் செய்த எதிர்த்திசைப் பணியே ஆகும். மூன்று வயதை எட்டாத பீட்டர் என்னும் சிறுவன் முயலுக்கும் மென்மயிர்ப் பொருள்களுக்கும் அஞ்சினான். அவன் விரும்பிய உணவை உண்ணும்போது முயலைக் கூண்டோடு தொலைவில் வைத்து, அவன் கலங்காத அளவுக்கு நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார் ஜோன்ஸ். முயலுக்கு அஞ்சாத பிற குழந்தைகளும் உடன் விளையாட அனுமதிக்கப்பட்டனர். இடையில் காய்ச்சலால் மருத்துவமனையில் இருந்து திரும்பும் வழியில் ஒரு பெரிய நாய் பாய்ந்து அச்சுறுத்தியதால், பெற்ற முன்னேற்றம் அனைத்தும் சரிந்தது. பணி மறுபடி தொடங்கியது. இறுதியில் தன் விரல்களை முயல் கொறிக்கவும் பீட்டர் இடங்கொடுத்தான். இன்றைய நடத்தைச் சிகிச்சையின் வித்து இந்தப் பொறுமையில் இருக்கிறது.

அச்சம் ஏன் திரும்புகிறது என்பதைப் பின்னாளில் அமெரிக்க உளவியலாளர் மார்க் பூட்டன் தெளிவுபடுத்தினார். ஓர் அறையில் அச்சத்தைக் கற்ற எலிக்கு இன்னோர் அறையில் அதை மறைதலுக்கு உட்படுத்தினால், இரண்டாம் அறையில் அது அமைதியாக இருக்கும். முதல் அறைக்குத் திரும்பியதும் அச்சமும் திரும்பும். முதலில் கற்ற அச்சம் இடம் கடந்து பரவுகிறது, அச்சமின்மையோ கற்ற இடத்தோடு கட்டுண்டு நிற்கிறது என்பதே இதன் சாரம். இதன் மறுபக்கத்தை வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களிடம் லீ ராபின்ஸ் கண்டார். அங்கிருந்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருக்க, அவ்வாறு அடிமையானோருள் நாடு திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு ஐவர் அளவிலேயே இருந்தனர். போதையைச் சுட்டிய முகாமும் தோழமையும் அச்சமும் பின்னே தங்கிவிட்டதே இதற்கு ஒரு முதன்மைக் காரணமாகக் கொள்ளப்படுகிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்ற முதுமொழி, தொட்டில் இருக்கும் வீடு மாறாத வரையில்தான் முழு உண்மை.

தண்டனையின் இயல்பையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். அடியாத மாடு படியாது என்ற நம்பிக்கை தமிழ்க் குடும்பங்களிலும் வகுப்பறைகளிலும் இன்னும் வேரூன்றியிருக்கிறது. விளைவைப் பொறுத்து நடத்தை வலுப்பெறுவதை ஆராய்ந்த பி. எஃப். ஸ்கின்னர், நெம்புகோலை அழுத்தும் எலியின் பாதத்தில் அடி விழச் செய்தபோது, அது அழுத்துவதைச் சிறிது நேரம் குறைத்துக்கொண்டதே அன்றிக் கைவிடவில்லை என்பதை 1938இலேயே எழுதினார். அடி நின்றபின் மொத்தக் கணக்கில் அடிபட்ட எலியும் அடிபடாத எலியும் ஒன்றாகவே இருந்தன. தண்டனை நடத்தையை அகற்றுவதில்லை, தண்டிப்பவர் நிற்கும் இடத்தைக் கற்றுத் தருகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்திருப்பது இரக்கத்தின் பொருட்டு மட்டும் அன்று. அறிவியலும் அதன் பக்கம் நிற்கிறது.

தனக்கு நேராத துன்பத்துக்கும் அஞ்ச மனிதர் கற்கின்றனர். சூசன் மினெகாவும் மைக்கேல் குக்கும் 1980களில் செய்த ஆய்வுகளில், ஆய்வகத்தில் வளர்ந்து பாம்புக்கு அஞ்சாதிருந்த ரீசஸ் குரங்குகள், காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைக் கண்டு அலறுவதைச் சிலமுறை பார்த்த அளவிலேயே தாமும் அஞ்சத் தொடங்கின. ஆனால் பாம்பருகே அமைதியாக இருக்கும் குரங்கை முதலில் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை, பின்னர் அலறும் குரங்கைப் பார்த்தும் அச்சத்தை ஏற்கவில்லை. முதலில் எதைக் காண்கிறோம் என்பது அவ்வளவு தீர்மானமானது.

இந்திய மண்ணில் இவ்வறிவின் கடும் சான்று சாதி. சாத்தாராவில் பள்ளி மாணவராக இருந்த காலத்தை அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். வகுப்பின் மூலையில் தனியே ஒரு சாக்குத் துணியில் அமர வேண்டும். பள்ளியைக் கூட்டும் பணியாள் அச்சாக்கைத் தொடமாட்டார் என்பதால் அதை மாலையில் வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுநாள் கொண்டுவர வேண்டும். தண்ணீர்க் குழாயை அவர் தொடலாகாது. பள்ளிச் சேவகர் திறந்துவிட்டால் குடிக்கலாம், சேவகர் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும். இங்கே எவரும் தாழ்வு என்ற சொல்லைப் பாடமாக நடத்தவில்லை. சாக்கும் குழாயும் அதை நாள்தோறும் நடத்தின. அதே வகுப்பில் இருந்த பிற பிள்ளைகளும் அப்பாடத்தைக் கற்றனர் என்பது பல நேரங்களில் மறக்கப்படுகிறது. அருவருப்பும் அவர்களுக்கு, குரங்குகளின் அச்சம் போலவே, பெரியோர் முகத்தைப் பார்த்து வந்து சேர்ந்தது.

அப்பாடம் நூறாண்டுக்குப் பிறகும் வேலை செய்வதைக் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடத்தி, 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் புதிர்ப் பாதைகளுக்கு விடை காண வேண்டும். சரியான ஒவ்வொன்றுக்கும் பணம் உண்டு. சாதி அறிவிக்கப்படாதபோது தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களும் மேல்சாதிச் சிறுவர்களும் ஏறத்தாழச் சமமாகவே செய்தனர். ஒவ்வொருவரின் பெயரோடு சாதியும் எல்லோர் முன்னும் வாசிக்கப்பட்டபின், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களின் திறன் சரிந்தது. திறமை அதே சிறுவனிடம் அப்படியே இருந்தது. கதவடியில் கசிந்த நீர் போல ஓர் அறிவிப்பு மட்டும் இடையே வந்தது.

இனி, கற்ற அச்சத்தைக் கலைக்க முயன்ற மகாடு. கொங்கணப் பகுதியைச் சேர்ந்த அச்சிற்றூரின் சவுதார் குளம், பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் நிறைவேற்றிய தீர்மானத்தைத் தொடர்ந்து, 1924இல் நகராட்சியால் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. தீர்மானம் இருந்தது, குளம் இருந்தது, நீர் இருந்தது. ஆயினும் மூன்றாண்டுகள் தீண்டப்படாதோர் எவரும் அதில் இறங்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகச் சென்று அக்குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அச்சம் நீரின் அருகே கற்கப்பட்டது. அது நீரின் அருகேதான் கலைய வேண்டும் என்பதைப் பூட்டனின் எலிகளுக்கு அரை நூற்றாண்டு முன்பே அச்செயல் உணர்ந்திருந்தது. ஒருவர் குடிப்பதை மற்றவர் கண்டதும், பலர் ஒன்றாய் இருந்ததும் தற்செயலான அலங்காரங்கள் அல்ல, அந்தக் கற்றலின் உறுப்புகள்.

ஆனால் ஆய்வகத்தையும் குளக்கரையையும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும். எலியின் அறையில் அச்சத்தை ஊட்டிய மின்னதிர்ச்சி நிறுத்தப்பட்ட பிறகே மறைதல் தொடங்குகிறது; மகாட்டில் அதிர்ச்சி நிற்கவில்லை. நீர் அருந்திய சில மணி நேரத்தில் மேல்சாதியினர் தாக்கினர். குளம் சாணமும் கோமியமும் ஊற்றித் தூய்மைச் சடங்கு செய்யப்பட்டது. நகராட்சியும் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. அங்கிருந்த மக்களின் அச்சம் வெறும் பழக்கம் அன்று, மெய்யான வன்முறையைப் பற்றிய சரியான கணிப்பு. ஆகவே ஒடுக்கப்பட்டோர் துணிவு கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லும் அறிவுரை, அதிர்ச்சி தரும் கம்பியைக் கழற்றாமல் எலிக்கு வீரம் போதிப்பதாகவே முடியும். மனிதர் எண்ணிப் பார்த்து, தீர்மானித்து, ஒன்றுகூடி, ஆபத்தை அறிந்தே அடியெடுத்து வைப்பவர். அந்த அடியை நாயின் உமிழ்நீரைக் கொண்டு விளக்கிவிட முடியாது.

1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும், தப்ப முடியாத அதிர்ச்சிக்கு ஆளான நாய்கள் பின்னர் தப்பும் வழி திறந்திருந்தும் அசையாமல் கிடந்ததைக் கண்டு, அதைக் கற்ற இயலாமை என்றனர். அரை நூற்றாண்டு மூளை ஆய்வுக்குப் பின் 2016இல் அவர்களே அவ்விளக்கத்தைத் தலைகீழாக்கினர்: நீண்ட துன்பத்தில் ஒடுங்கிக் கிடப்பது உடலின் தொடக்க எதிர்வினை, கற்கப்படுவது இயலாமை அன்று, தன்னால் ஒன்றை மாற்ற முடியும் என்ற உணர்வே. ஒடுங்கியிருக்கும் சமூகங்களை நோக்கி நெடுங்காலமாகச் சுமத்தப்பட்ட பழியை இத்திருத்தம் நீக்குகிறது.

தமிழ்நாட்டில் இதற்கான களம் கையருகே இருக்கிறது. 1956இல் காமராசர் தொடங்கிய பள்ளி மதிய உணவும், 1982இன் சத்துணவும், 2022இன் காலை உணவுத் திட்டமும் பசியை ஆற்றின. அதோடு, எல்லாப் பிள்ளைகளும் ஒரே அடுப்பின் சோற்றை ஒரே வரிசையில் உண்ணும் வாய்ப்பையும் நாள்தோறும் உண்டாக்கின. சமைப்பவரின் சாதி கேட்டுப் பிள்ளையைத் தடுக்கும் பெற்றோர் சில ஊர்களில் இன்னும் இருக்கின்றனர் என்பது அவ்வரிசை எவ்வளவு ஆற்றல் வாய்ந்தது என்பதற்குச் சான்று. புதிதாய்ப் பள்ளிக்கு வரும் பிள்ளை, வீட்டில் கேட்டதை நம்புவதற்கு முன், தன் ஆசிரியர் அதே தட்டில், அதே சோற்றை, தன் அருகே தரையில் அமர்ந்து உண்பதைக் காண வேண்டும். தலைமையாசிரியர்களும் ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் பள்ளி திறக்கும் முதல் நாளிலேயே அவ்வரிசையில் உட்கார வேண்டும் என்பது இச்சொற்பொழிவின் வேண்டுகோள்.