குடல் அழற்சியும் கார்டிசோனும்



மனிதரைப் பற்றும் நோய்களுள் சில வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் திருமண வீட்டுப் பந்தியிலும் பேசுவார்கள். வேறு சில நோய்களோ வீட்டாரிடம்கூடச் சொல்லப்படாமல் மறைக்கப்படுகின்றன. மலத்தோடு குருதி போவது அவ்வகையைச் சேர்ந்தது. மூலமாக இருக்கும் என்று தாமே முடிவு செய்துகொண்டு, மாதக்கணக்கில் வாய் திறவாது துன்புறுவோர் பலர். அத்தகைய நோய் ஒன்றின் கதையும், அதற்கு வந்த இயக்குநீர் மருந்தின் கதையுமே இன்றைய உரையின் பொருள். ஹார்மோன் என்று நாம் கேட்டுப் பழகியதைத்தான் தமிழில் இயக்குநீர் என்கிறோம்.

பெருங்குடலின் உட்சுவரில் அழற்சி தோன்றிப் புண்ணாகும் நோய்க்கு மருத்துவர் இட்ட பெயர் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். 1859-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் இதனைத் தனி நோயாக எடுத்துக்காட்டினார். இதன் உடன்பிறப்பைப் போன்ற மற்றொரு நோயை 1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோனும் அவருடைய தோழர் இருவரும் விவரித்தனர். அது கிரோன் நோய் எனப்படுகிறது. நம் உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே குடலின் மீது திரும்பிவிடுவது இவ்விரண்டிற்கும் பொது. வாயிற்காவலனே வீட்டாரை அடிக்கத் தொடங்கினால் என்ன ஆகுமோ, அதுவே இங்கு நிகழ்கிறது. கடுமையாகத் தாக்கினால் ஒரு நாளில் ஆறு முறைக்கு மேலும் குருதி கலந்து கழியும், காய்ச்சல் ஏறும், நாடி விரையும், உடல் வெளிறும். ஐம்பதுகளுக்கு முன் அத்தகைய கடுந்தாக்குதலுக்கு உள்ளானவர்களுக்குப் படுக்கை ஓய்வு, உணவுக் கட்டுப்பாடு, குருதி ஏற்றுதல், இறுதியில் அறுவை என்பவற்றுக்கு மேல் செய்வதற்கு அதிகம் இல்லை. இளம் வயதினர் பலரை இந்நோய் கொண்டுபோயிற்று.

விடிவு வேறொரு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மேயோ மருத்துவமனை உள்ளது. அங்கே மூட்டுவாத மருத்துவராக இருந்த பிலிப் ஹென்ச், தம் நோயாளிகளிடம் ஒரு விந்தையைக் கண்டார். மூட்டுவாதத்தால் முடங்கிய பெண்கள் கருவுற்றால் வலி தணிந்தது. மஞ்சட்காமாலை கண்டவர்க்கும் வலி தணிந்தது. உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் இந்நோயை அடக்குகிறது என்று அவர் ஊகித்தார். அதே நிறுவனத்தில் எட்வர்ட் கெண்டல் என்னும் வேதியியலறிஞர், சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் சுரப்புகளைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். இருவர் உழைப்பும் 1948 செப்டம்பரில் இணைந்தது. கார்டிசோன் என்று பின்னர்ப் பெயர் பெற்ற அப்பொருள், மூட்டுவாதத்தால் நடக்கவியலாதிருந்த ஒரு பெண்ணுக்கு ஊசி வழியே செலுத்தப்பட்டது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்மருந்து எதிலிருந்து வந்தது என்பது இங்கு அமர்ந்திருப்போர் பலருடைய மனத்தில் எழும் வினாவாக இருக்கும். தொடக்கத்தில் மாட்டின் பித்தநீரிலிருந்து எடுத்த பொருளை முப்பதுக்கு மேற்பட்ட வேதியியல் படிகளில் மாற்றியே கார்டிசோன் செய்தனர். எனவே அது மிக அரிதாகவும் பெருவிலை உடையதாகவும் இருந்தது. 1952-இல் அமெரிக்காவின் அப்ஜான் நிறுவன ஆய்வாளர்கள், ரைசோப்பஸ் என்னும் பூஞ்சை அம்மாற்றங்களுள் கடினமான ஒன்றை ஒரே படியில் செய்துவிடுவதைக் கண்டனர். அதற்கு வேண்டிய மூலப்பொருளோ மெக்சிகோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கு வகையிலிருந்து கிடைத்தது. விலை சரிந்தது, சிலருக்கே எட்டிய மருந்து பலருக்கும் எட்டியது.

மூட்டின் அழற்சியைத் தணிக்கும் மருந்து குடலின் அழற்சியைத் தணிக்காதா என்று மருத்துவர் கேட்டது இயல்பே. கொடுத்தும் பார்த்தனர், சிலர் தேறினர். ஆனால் இந்நோய் தானே தணிந்து தானே மீளும் இயல்புடையது. தேறியவர் மருந்தால் தேறினாரா, காலத்தால் தேறினாரா? இங்கேதான் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்களான சிட்னி ட்ரூலவ், லெஸ்லி விட்ஸ் ஆகிய இருவரின் பெருமை விளங்குகிறது. பல மருத்துவமனைகளின் நோயாளிகளை ஒன்றுசேர்த்து அவர்கள் ஒரு சோதனை நடத்தினர். நோயாளிகள் 210 பேர். எவர் எந்தப் பிரிவு என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கு விடாமல், குலுக்கல் போன்ற முறையால் பிரித்தனர். 109 பேருக்குக் கார்டிசோன். 101 பேருக்கு அதுபோன்றே தோற்றமளித்த வெற்று மாத்திரை. மற்றச் சிகிச்சைகள் இரு பிரிவினர்க்கும் வழக்கம்போல் நடந்தன. கணக்குப் பார்க்கும் காலம் ஆறு வாரம்.

நோயாளிக்கு வெற்று மாத்திரை கொடுப்பது அறமாகுமா என்ற கேள்வி எழாமல் இராது. எழுவதே நன்று. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று அம்மருந்து இந்நோயில் நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பதை எவரும் அறியார். புண்பட்ட குடல் இம்மருந்தால் பொத்துவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. அறியாத மருந்தை ஆயிரம் பேருக்கு அள்ளிக் கொடுப்பதைவிட, 210 பேரிடம் ஒழுங்காகச் சோதித்து உண்மையை அறிவது தீங்கைக் குறைக்கும் வழி. அறியாமையை ஒப்புக்கொள்வதும் ஓர் அறமே.

1955 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளிவந்தது. ஆறு வாரத்தில் முழுத் தணிவு பெற்றோர் கார்டிசோன் பிரிவில் 45 பேர். அதாவது நூற்றுக்கு 41. வெற்று மாத்திரைப் பிரிவில் 16 பேர்; நூற்றுக்கு 16. மாற்றமே இல்லாதோரும் நிலை மோசமானோரும் முதற்பிரிவில் நூற்றுக்கு 31, மற்றதில் 59. மருந்து வேலை செய்கிறது என்பது ஐயமின்றித் தெளிந்தது. நோயின் கடுமையை அளக்க அவ்விருவரும் வகுத்த அளவுகோலை உலக மருத்துவர்கள் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றனர். மருந்தின்றியும் 16 பேர் தேறினர் என்பதையும் மறத்தலாகாது. "இன்ன மருந்தில் எனக்குக் குணமாயிற்று" என்று ஒருவர் சொல்வது பொய்யன்று. ஆயினும் அதுவே சான்றாகிவிடாது என்பதை அந்தப் 16 பேர் நமக்குக் கற்பிக்கின்றனர்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் மகிழ்ச்சியான கதை. ஆனால் தேறியவர்க்கு நோய் மீண்டும் வந்தது. அவ்வாறாயின் கார்டிசோனைச் சிறிய அளவில் நாள்தோறும் கொடுத்துவந்தால் நோய் வாராது காக்குமா? அதையும் சோதித்தனர். காக்கவில்லை. எரியும் நெருப்பை அணைக்கும் அம்மருந்துக்கு, மீண்டும் தீப்பற்றாமல் தடுக்கும் ஆற்றல் இல்லை. நெடுங்காலம் உண்டாலோ முகம் பருக்கிறது, எலும்பு மெலிகிறது, குருதியில் சர்க்கரை ஏறுகிறது, தொற்றுநோய்கள் எளிதில் பற்றுகின்றன. அதற்கும் மேலாக, வெளியிலிருந்து இயக்குநீர் வருவதைக் கண்டு உடலின் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. வாரக்கணக்கில் உண்டுவந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், உறங்கிவிட்ட சுரப்பி உடனே விழித்தெழாது; உயிருக்கே இடர் நேரலாம். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பதன் காரணம் இதுவே.

காக்கும் மருந்து சுவீடன் நாட்டிலிருந்து வந்தது. ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனப் பேராசிரியரான நன்னா ஸ்வார்ட்ஸ் அம்மையார், மூட்டுவாதத்திற்கென இரு மருந்துப் பொருள்களை இணைத்து சல்ஃபசலசைன் என்னும் மருந்தை உருவாக்கச் செய்தார். அது குடல் அழற்சிக்கும் பயன்படுவதை நாற்பதுகளிலேயே எழுதினார். நாள்தோறும் அதனை உண்டுவருவோர்க்கு நோய் மீள்வது பெரிதும் குறைகிறது என்று 1965-இல் இங்கிலாந்தில் நடந்த சோதனை காட்டிற்று. இணைந்த இரண்டில் எது வேலை செய்கிறது என்பதை 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவுடன் பணியாற்றிய ஆசாத் கான் கண்டறிந்தார். இவர் பின்னாளில் வங்கதேசத்தின் நீரிழிவுப் பணியில் தலைமை ஏற்றவர். இரு பொருள்களையும் தனித்தனியே எனிமாவாகச் செலுத்திப் பார்த்ததில், ஒன்று மருந்து, மற்றொன்று அதைப் பெருங்குடல் வரை சுமந்து செல்லும் ஊர்தி என்பது புலப்பட்டது. தொல்லை தந்தது பெரும்பாலும் ஊர்தியே. அதனை விலக்கி, மருந்தை மட்டும் தருவதே இன்று மெசலமைன் என வழங்குகிறது.

இயக்குநீர் மருந்தும் பண்பட்டது. புடெசோனைடு என்னும் ஸ்டீராய்டு குடலில் தன் வேலையைச் செய்தபின், கல்லீரலைக் கடக்கையில் பத்தில் ஒன்பது பங்கு செயலிழந்துவிடுகிறது. ஆகவே உடலின் பிற பகுதிகளுக்கு அதனால் வரும் தீங்கு குறைவு.

இவ்வரலாற்றிலிருந்து நம் இல்லங்களுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை மூன்று. குருதி போவதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுதல் ஒன்று. ஸ்டீராய்டு என்ற பெயர் கேட்ட அளவில் அஞ்சி, கடுந்தாக்குதலின்போது அதனை மறுக்காதிருத்தல் இரண்டு. தாமே தொடராமலும் தாமே நிறுத்தாமலும் இருத்தல் மூன்று. நலம் தோன்றியதும் காக்கும் மருந்தைக் கைவிடுவோர் பலர். நலமாக இருப்பதற்குக் காரணம் அம்மருந்தே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

உடல் தானே சுரக்கும் பொருளே அளவோடு நின்றால் உயிரைக் காக்கிறது. அளவு கடந்தால் எலும்பை அரிக்கிறது. அவ்வளவை நமக்கு அறிந்து சொன்னவர்கள் ஆய்வாளர்கள் மட்டும் அல்லர். தம் கையில் இருப்பது மருந்தா, வெற்று மாத்திரையா என்று அறியாமலே ஆறு வாரம் பொறுத்திருந்த அந்த 210 நோயாளிகளும்தாம். பெயர் தெரியாத அவர்களுக்கு இன்று நலமாக உண்டு, உறங்கி, உழைக்கும் எண்ணற்ற குடும்பங்கள் கடன்பட்டுள்ளன.