கல்மேற் கல்

அட்ரியாட்டிக் கடலின் கீழைக்கரையில், மொண்டெனேகுரோ நாட்டிலே, மலைகளுக்கிடையே வளைந்து நீண்டு கிடக்கிறது கோட்டோர் விரிகுடா. பண்டை ஆற்றுப் பள்ளத்தாக்கொன்று கடலில் அமிழ்ந்தமையால் உண்டானது அது. வெரிகே என்னும் இடுக்கில் அதன் அகலம் ஏறக்குறைய 340 மீற்றரே. அவ்விடுக்கைக் கடந்து உட்புகும் பயணி, கடலை மறந்து, மலைசூழ்ந்த ஏரியொன்றில் மிதப்பதாகவே எண்ணுவான்.

அங்கே பெராஸ்ட் என்னும் சிற்றூரின் முன்னே இரண்டு தீவுகள் தோன்றும். ஒன்று இயற்கை தந்தது. மற்றது மனிதர் ஆக்கியது. 1452ஆம் ஆண்டிலே கடற்பாறையொன்றின்மீது தேவமாதாவின் திருவுருவப் படத்தை மாலுமிகள் கண்டெடுத்தனர் என்பது வழிவழி வந்த கதை. கடற்பயணம் முடித்து நலமே மீண்டவர்கள் அவ்விடத்திற் கல்லிட்டனர். பழங்கப்பல்களிற் கல் நிரப்பியும் அமிழ்த்தினர். கல்மேற் கல்லாகத் தீவு எழுந்தது; அதன்மேற் கோயிலும் எழுந்தது. இன்றும் ஆண்டுதோறும் யூலை 22ஆம் நாள், பொழுது சாயும் வேளையில், ஊரார் ஓடங்களைத் தொடராகப் பிணைத்துச் சென்று அங்கே கல்லிடுகின்றனர்.

அக்கோயிலிலே பூத்தையற் படமொன்று உண்டு. யசிந்தா குனிச் என்னும் பெராஸ்ட் நகரப் பெண்மணி இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துத் தைத்தது அது. பட்டு நூலோடு தம் கூந்தலிழையையும் கோத்தார். காலஞ்செல்லக் கூந்தல் நரைத்தது. படத்திலுள்ள தேவதூதரின் முடியும் வெண்மையாயிற்று என்பர்.

விரிகுடாவின் கடைக்கோடியில் இருக்கிறது கோட்டோர் பழநகர். ஏறக்குறைய நாலரைக் கிலோமீற்றர் நீளமுள்ள மதில் நகரைச் சூழ்ந்து, பின்னுள்ள மலைமீதும் ஏறி, உச்சிக்கோட்டையைத் தொடுகிறது. 1420 முதல் 1797 வரை வெனிஸ் குடியரசு இந்நகரை ஆண்டது. வாயிலுட் புகுந்தால், குறுகிய கற்றெருக்கள். 1166இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித திரிபோன் பேராலயம். 1195இல் எழுந்த புனித லூக்கா கோயில். இச்சிறு கோயிலில் இரு பலிபீடங்கள் உள்ளன. ஒருகாலத்திற் கத்தோலிக்கரும் மரபுவழிக் கிறிஸ்தவரும் ஒரே கூரையின்கீழ் வழிபட்டதற்கு அவையே சான்று.

பகைவரைத் தடுத்த மதிலால் நிலநடுக்கத்தைத் தடுக்க இயலவில்லை. 1667இல் நகர் பெரிதும் இடிந்தது. 1979 ஏப்பிரல் 15ஆம் நாள் மீண்டும் நிலம் நடுங்கிற்று. அவ்வாண்டிலேயே யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுரிமைப் பட்டியலிலும், அழிவுக்குள்ளாகும் மரபுரிமைப் பட்டியலிலும் ஒருங்கே சேர்த்தது. மக்கள் பொறுமையோடு மீளக் கட்டினர். 2003இல் அழிவுப் பட்டியலினின்றும் அது நீங்கிற்று.

இக்காலத்திற் பெரும் உல்லாசக் கப்பல்கள் அந்த இடுக்கினூடே வந்து, ஆயிரக்கணக்கானோரைச் சின்னஞ்சிறு நகரின் வாயிலில் இறக்குகின்றன. சில மணி நேரத்திற் படம் பிடித்து மீள்வோர் பலர். அங்குள்ள ஒவ்வொரு கல்லையும் யாரோ ஒருவர் சுமந்து வந்தார் என்பதை நினைந்து நடப்பவரே அந்நகரை உண்மையிற் கண்டவராவர்.