யாருடைய பால்?

(உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் மகள் 31 வாரத்தில் பிறந்தாள். எடை 1,400 கிராம். எனக்குப் பால் சுரக்கவில்லை. இரண்டாம் நாள் செவிலியர் ஒருவர் 2 மில்லி பால் கொண்டுவந்தார். தாய்ப்பால் வங்கியிலிருந்து வந்தது என்றார். கூட இருந்த என் அத்தை, "யாரு பாலும்மா?" என்று கேட்டார். "எல்லாச் சோதனையும் செஞ்சதுதாம்மா, பயப்படாதீங்க" என்றார் செவிலியர். அத்தை விடவில்லை. "அது சரி, என்ன ஆளுங்க பாலு?"

நாங்கள் இடைநிலைச் சாதிக் குடும்பம். என் பிள்ளை இன்குபேட்டருக்குள் கிடந்தபோது என் வீட்டு ஆள் கேட்ட கேள்வி இது. இன்றும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கேள்விக்குச் செவிலியரால் பதில் சொல்லியிருக்கவே முடியாது. பால் கொடுக்க முன்வரும் தாய்க்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். பாலை 62.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து, கிருமி இல்லை என்று உறுதிசெய்து, உறைய வைக்கிறார்கள். பல தாய்மாரின் பாலை ஒன்றாகக் கலப்பதும் உண்டு. கலந்த பாலில் எந்தச் சொட்டு எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று யார் பிரிப்பது?

குறைமாதக் குழந்தையின் குடல் முதிர்ந்திருக்காது. புட்டிப்பால் மாவு கொடுத்தால் குடல் அழுகும் நோய் வரும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் முதலில் பெற்ற தாயின் பால், அது கிடைக்காவிட்டால் கொடையாக வந்த தாய்ப்பால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். 2015இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இவ்வங்கிகள் வந்தன.

தோழர்களே, சாதி முதலில் காவல் வைப்பது தண்ணீருக்கும் சோற்றுக்கும்தான். பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்கவே 1927இல் மகாத்தில் அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. தொட்டால் தீட்டு என்று சொல்லும் சமூகத்தில், ஒரு பெண்ணின் உடலில் ஊறியது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உடலாகிறது. இதைவிடப் பெரிய சமபந்தி எது?

ஆனால் 'மிஞ்சிய பால்' என்று சொல்வதற்கு முன் இன்னொன்றையும் கேட்க வேண்டும். யாருக்கு மிஞ்சுகிறது? செங்கல் சூளையில் வேலை செய்யும் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. இரவிக்கை நனைகிறது. பிள்ளையோ மரத்தடித் தூளியில் பசியோடு கிடக்கிறது. அது மிச்சமல்ல, பறிக்கப்பட்டது. 1928இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார் அம்பேத்கர். 2017இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. முறைசாராத் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு அது இன்னும் எட்டாக்கனிதான்.

ஆகவே நமக்குச் சில உறுதிகள் வேண்டும். தன் பிள்ளை வயிறு நிறைந்த பிறகு, தாய் விரும்பினால் மட்டுமே கொடை. பணத்துக்கு விற்கக் கூடாது. தாய்ப்பாலைப் பதப்படுத்தவோ விற்கவோ அனுமதியில்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2024இல் எச்சரித்தது. விலை வைத்தால் ஏழைத் தாயின் பிள்ளை பட்டினி கிடக்கும். சோதிக்காத பாலை வாட்ஸ்அப் குழுவில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகவே போங்கள். ஆண் தோழர்கள் 'பால் கொடு' என்று பெண்ணுக்கு உபதேசம் செய்ய வேண்டாம். சமையலையும் துணி துவைப்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்து எனக்குப் பால் ஊறியது. மகள் குடித்தது போக மிஞ்சியது. பீய்ச்சி வங்கிக்குக் கொடுத்தேன். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டவர் அதே அத்தைதான். எங்கள் பாலும் பெயரில்லாமல், சாதியில்லாமல் யாரோ ஒரு பிள்ளைக்குப் போனது. அத்தை அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. நான்தான் போகிற இடமெல்லாம் எடுக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு நாள் யாராவது "என்ன ஆளுங்க பாலு?" என்று கேட்பார்கள். அன்றைக்கு நான் வாயடைத்து நின்றதுபோல் நீங்கள் நிற்காதீர்கள்.