கோடை விடுமுறையில் ஒரு கல்லூரி மைதானம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில், 2009-ம் ஆண்டு மெக்கானிக்கல் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம செயலாளர் போனில் கூப்பிட்டு, "அமெரிக்காவிலேர்ந்து வர்றீங்க, ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க" என்றார். டெக்னிக்கலாகப் பேச என்னை விடத் தகுதியானவர்கள் இந்த முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பேசப் போவது விளையாட்டைப் பற்றி. இன்னும் சரியாகச் சொல்லணும்னா, ஒரு கல்லூரி தன் மைதானத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்து விட்டால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி.

நான் குடியிருப்பது அயோவா மாநிலத்தில், சீடர் ராப்பிட்ஸ் நகரத்தில். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும்தான். அங்கே எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரி இருக்கிறது. 2024 ஜூன் மாதம், அந்தக் கல்லூரியின் கால்பந்து அணி நடத்திய சிறுவர் முகாமுக்கு என் பிள்ளைகள் இரண்டு பேரையும் அழைத்துப் போனேன். பையனுக்கு அப்போது ஒன்பது வயது, பெண்ணுக்கு ஏழு.

கால்பந்து என்றதும் நம்ம ஊர் ஃபுட்பாலை நினைக்காதீர்கள். அதற்கு அங்கே சாக்கர் என்று பெயர். அவர்கள் ஃபுட்பால் என்பது பெரும்பாலும் கையால் ஆடுவது. மட்டை உரித்த தேங்காயை இரண்டு பக்கமும் கூராக்கினால் எப்படி இருக்கும், அதுதான் பந்து. பக்கத்துக்குப் பதினொரு பேர். மைதானம் 100 கெஜம். பந்து கையில் இருக்கிற அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நம்ம கபடியும், நிலம் பிடிக்கிற சண்டையும், கொஞ்சம் சதுரங்கமும் கலந்த மாதிரி ஓர் ஆட்டம். 1869-ல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் மோதிக்கொண்டதை இதன் முதல் கல்லூரிப் போட்டி என்கிறார்கள். இந்த விளையாட்டு பிறந்து வளர்ந்ததே கல்லூரி மைதானங்களில்தான். தொழில்முறை லீக் எல்லாம் பிறகு வந்தது.

முகாமில் சேர்க்கிறதுக்கு முன்னால் வீட்டில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "தலையில அடி படுமா?" நியாயமான கேள்வி. பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இறந்துபோன ஆட்டக்காரர்களின் மூளைகளை ஆராய்ந்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேசிய லீகில் ஆடிய 111 பேரில் 110 பேரின் மூளையில், திரும்பத் திரும்ப அடிபடுவதால் வருகிற சி.டி.இ. என்ற நோய் இருந்தது. குடும்பத்தார் ஆராய்ச்சிக்கென்று கொடுத்த மூளைகள் அவை; பலருக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கும். ஆகவே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஒரு தாய்க்கு அந்த எண் போதும்.

முகாம் நடத்துகிறவர்களும் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஹெல்மெட் கிடையாது, தோள் கவசம் கிடையாது, ஒருவர் மேல் ஒருவர் மோதுவது கிடையவே கிடையாது. மோதணும்னு ஆசைப்பட்டால் பஞ்சு அடைத்த பெரிய வளையத்தின் மேல் மோதலாம். அதையும் தலையை ஒதுக்கி, தோளைக் கொடுத்துத்தான் மோத வேண்டும். ஆட்டம் என்று வந்தால், இடுப்பில் தொங்குகிற நாடாவை உருவினால் ஆள் அவுட். இதற்கு ஃபிளாக் ஃபுட்பால் என்று பெயர். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இதைச் சேர்த்திருக்கிறார்கள். இந்தத் தகவலைக் கேட்ட பிறகு என் மகளை வீட்டில் நிறுத்தி வைக்க எங்களால் முடியவில்லை.

காலை எட்டரை மணிக்குப் போனோம். வாசலில் ஒரு மேஜை. ஒப்புதல் படிவம், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் நம்பர், எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்கிற விவரம், எல்லாம் எழுதி வாங்கினார்கள். ஆளுக்கு ஒரு பனியன். பிறகு விசில் ஊதினார்கள். மைதானத்தை ஆறு பகுதியாகப் பிரித்திருந்தார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு விசில், அடுத்த பகுதிக்கு ஓட்டம். இரண்டு பகுதிக்கு ஒரு தரம் தண்ணீர். ஒரு பிள்ளை கூடச் சும்மா நின்று வேடிக்கை பார்க்கவில்லை. இருபது பேர் வரிசையில் நிற்க ஒருவன் மட்டும் பந்தடிக்கிற பி.டி. பீரியடைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதுவே அதிசயம்.

சொல்லிக் கொடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். பந்தை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது? ஐந்து இடம் பந்தைத் தொட வேண்டும்: விரல் நுனி, உள்ளங்கை, முன்கை, புஜம், நெஞ்சு. ஒன்று விட்டாலும் பந்து நழுவும். எப்படிப் பிடிப்பது? பந்து நெஞ்சுக்கு மேலே வந்தால் இரண்டு கட்டை விரலும் சேரணும். கீழே வந்தால் இரண்டு சுண்டு விரலும் சேரணும். அவ்வளவுதான் பாடம். ஏழு வயதுப் பெண்ணுக்கும் புரியும். எறியும்போது பந்தைச் சுழல விடச் சொன்னார்கள். ஏன் என்று என் பையன் கேட்டான். அந்த ஆட்டக்காரப் பையன், "சுத்தாத பந்து குடிகாரன் மாதிரி தள்ளாடும்" என்றான். வீட்டுக்கு வந்து நான் பம்பரத்தை வைத்து விளக்கினேன். சுற்றுகிற வரைக்கும்தானே பம்பரம் நிற்கும்? சுழல்கிற பொருள் தன் அச்சை விட்டுக்கொடுக்காது. நமக்கு மூன்றாம் செமஸ்டரில் கரும்பலகையில் வந்த கைரோஸ்கோப், என் பையனுக்குப் புல் தரையில் வந்து சேர்ந்தது.

இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார் என்பதுதான் முக்கியம். தலைமைப் பயிற்சியாளர் மேற்பார்வைக்கு இருந்தார். மற்றபடி எல்லாரும் அந்தக் கல்லூரி மாணவர்கள், பத்தொன்பது இருபது வயசுப் பையன்கள். இந்தக் கல்லூரி என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கூட்டமைப்பில் மூன்றாம் டிவிஷனைச் சேர்ந்தது. அந்த டிவிஷனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது விதி. அதாவது இந்தப் பையன்கள் ஆடுவது ஆடப் பிடித்திருப்பதால்.

பெரிய பல்கலைக்கழகங்களின் கதை வேறு. அங்கே கால்பந்து ஒரு பெரிய வியாபாரம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே அதிகம் வாங்குவது ஆளுநர் இல்லை, பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளர். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாட்டுக்குப் பிறகு, ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. அதிலுள்ள நல்லது கெட்டதைப் பேச இது மேடையில்லை. அந்தப் பெரிய இடங்களிலும் கூட ஒரு விதி இருக்கிறது: முகாம் நடத்தினால் வருகிற எல்லாருக்கும் இடம் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை, வயது, வகுப்பு, ஆணா பெண்ணா என்று வரம்பு வைக்கலாம். திறமையைப் பார்த்து வடிகட்டக் கூடாது.

இந்த வடிகட்டாத விஷயம் நம்ம ஆட்களுக்குப் புரிவது கஷ்டம். அன்று சாயங்காலம் ஊரிலிருந்து அப்பா வீடியோ காலில் வந்தார். பேரன் பனியனைக் காட்டினான். "எத்தனை பேர்லடா செலக்ட் பண்ணாங்க?" என்று கேட்டார். "யாரையும் செலக்ட் பண்ணலை தாத்தா, எல்லாரும் விளையாடினோம்" என்றான். அப்பா என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, டெஸ்ட் கூட வைக்கலையா? அப்புறம் என்ன காலேஜு அது?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என் மனசை விட்டுப் போகவில்லை. நம்ம ஊரில் ஒரு பிள்ளைக்குக் கல்லூரி அறிமுகமாவதே கட்-ஆஃப் வழியாகத்தான். கல்லூரி என்றால் வெளியே நிறுத்துகிற இடம் என்றுதான் முதலில் தெரிகிறது. என் மகளுக்கோ, கல்லூரி என்றால் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஷூ லேஸைக் கட்டிவிட்ட ஓர் அண்ணன் இருக்கிற இடம்.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே சுமார் 45 கிலோமீட்டர் போனால் அயோவா சிட்டி, அங்கே அயோவா பல்கலைக்கழகம். அந்த மாநிலத்தில் கால்பந்து, பேஸ்பால், கூடைப்பந்து எதற்கும் முதல்நிலைத் தொழில்முறை அணி கிடையாது. அதனால் பல்கலைக்கழக அணிதான் எல்லாருக்கும் சொந்த அணி; விவசாயி, பஸ் டிரைவர், நர்ஸ், எல்லாருக்கும். அவர்களுடைய அரங்கத்துக்கு நைல் கின்னிக் என்கிற பழைய மாணவரின் பெயர். 1939-ல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியவர். தொழில்முறை அணி அழைத்தபோது போகாமல் சட்டம் படிக்கப் போனார். பிறகு கடற்படை விமானியாகி, 1943-ல் பயிற்சிப் பறப்பின்போது 24 வயதில் இறந்தார்.

அந்த அரங்கத்தை ஒட்டிப் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 2017-ல் திறந்த கட்டடம். மேல் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் மைதானம் தெரியும். அந்த வருஷம் ஒரு ரசிகை ஒரு யோசனை சொன்னார்: ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்ததும் எல்லாரும் திரும்பி அந்தக் குழந்தைகளைப் பார்த்துக் கையசைத்தால் என்ன? அன்றிலிருந்து ஒவ்வொரு சொந்த ஊர் ஆட்டத்திலும் அது நடக்கிறது. ஏறக்குறைய எழுபதாயிரம் பேர் எழுந்து திரும்பிக் கையசைக்கிறார்கள். எதிரணியும் நடுவர்களும் சேர்ந்து அசைக்கிறார்கள். மேலே சலைன் ஏறுகிற கையோடு குழந்தைகள் பதிலுக்கு அசைக்கிறார்கள். ஒரு பைசா செலவில்லை. யோசனை சொன்னவர் நிர்வாகியும் இல்லை, கோடீஸ்வரரும் இல்லை.

இப்போது நம்ம கல்லூரிக்கு வருகிறேன். நம்மிடம் என்ன இல்லை? நானூறு மீட்டர் ஓடுதளம் இருக்கிறது. வாலிபால், கூடைப்பந்து, கபடிக் களங்கள் இருக்கின்றன. மாவட்ட அளவில் ஆடுகிற மாணவ மாணவிகள் இருக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் கேட்டைப் பூட்டினால் ஜூன் வரைக்கும் அந்த மைதானத்தில் ஆடு கூட மேய்வதில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், பஸ் போகிற ரோட்டோரத்தில், மூன்று செங்கல்லை அடுக்கிப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். நேற்று வந்து இறங்கியபோதும் பார்த்தேன்.

ஆகவே முதல்வர் ஐயாவிடமும் சங்கத்திடமும் ஒரே ஒரு விண்ணப்பம். வருகிற மே மாதம் பத்து நாள், காலை ஆறிலிருந்து எட்டு வரை, எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மைதானத்தைத் திறந்து விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். கால்பந்து, கபடி, கோகோ, ஓட்டம், எது நமக்குத் தெரியுமோ அது. பக்கத்து மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள், நம்ம அலுவலக, மெஸ் ஊழியர்களின் பிள்ளைகள், பேராசிரியர் பிள்ளைகள், எல்லாரும் ஒன்றாக. கட்டணம் வேண்டாம், தேர்வு வேண்டாம், கடைசி நாள் கோப்பையும் வேண்டாம். பெற்றோரின் ஒப்புதல் கடிதம், குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர், இந்த நான்கும் கட்டாயம் வேண்டும். பந்து, கூம்பு, பனியன், காலை டிபன், இவற்றுக்கான முதல் வருஷச் செலவை எங்கள் 2009 செட் ஏற்றுக்கொள்கிறது. நேற்று ராத்திரியே பேசி முடித்துவிட்டோம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இதற்குப் பணம் நாங்கள் கொடுக்கலாம், சாவி முதல்வர் கொடுக்கலாம். ஆனால் ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்கு நாங்கள் முடி நரைத்த அங்கிள். நீங்கள்தான் அண்ணன், அக்கா. விடுமுறைக்கு ஊருக்குப் போவதைப் பத்து நாள் தள்ளிப் போட முடிகிறவர்கள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடது பக்கம் உடற்கல்வி ஆசிரியர் நிற்பார், அவரிடம் பெயர் கொடுங்கள். இருபது பேர் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.