ரோபோட்டைப் பற்றிப் பேச ஆங்கிலச் சொற்கள்



முன்பு நம் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. இருட்டோடு பால்வெட்டுக்குக் கிளம்பும் தாய்மார்கள் கைப்பிள்ளைகளை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். இன்று பிள்ளைகளைவிட முதியோரை யார் பார்த்துக்கொள்வது என்பதே ஜொகூரில் பல குடும்பங்களின் கவலை. குளுவாங், கூலாய், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பாலம் கடந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறவர்களும் உண்டு. வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார்.

முதியோரைக் கவனிக்க மனித உருவில் இயந்திரம் வந்துவிட்டது என்ற பேச்சும் இப்போது கேட்கிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. நாளை ஒரு முதியோர் இல்லத்தில் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அதிலுள்ள சொற்கள் நமக்குப் புரியவேண்டும். ஆகவே இன்று சில சொற்களைப் பார்ப்போம்.

முதலில் ‘ரோபோட்’. இது ஆங்கிலேயர் உண்டாக்கிய சொல் அன்று. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தில்தான் இது முதலில் வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். செக் மொழியில் ‘ரோபோத்தா’ என்றால், பண்ணையாள் தன் நிலக்கிழாருக்குக் கூலியின்றிச் செய்யவேண்டிய கட்டாய வேலை. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் இதற்கு ‘வெட்டி’ என்று பெயர். ‘வெட்டி வேலை’ என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதேதான். உழைத்தே வாழ்ந்த நமக்கு இந்தச் சொல்லின் பொருளை யாரும் விளக்கவேண்டியதில்லை.

அடுத்தது ‘ஹியூமனாய்ட்’. ‘ஹியூமன்’ என்றால் மனிதன். ‘ஆய்ட்’ என்ற பின்னொட்டு ‘போன்ற’ என்ற பொருள் தரும். ஆக, மனிதன் போன்றது. ‘போன்ற’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ரோபோட்டை ‘ஹி’ என்றோ ‘ஷி’ என்றோ சிலர் செல்லமாக அழைப்பார்கள். இலக்கணப்படி அது ‘இட்’. நமக்கு இதில் குழப்பமே இல்லை. மக்கள், தேவர், நரகர் மட்டுமே உயர்திணை என்று நன்னூல் வகுத்துவிட்டது. இயந்திரத்துக்குக் கண்ணும் வாயும் வைத்தாலும் அது அஃறிணைதான்.

இனிப் பராமரிப்புச் சொற்கள். நோயாளியையோ முதியவரையோ கவனிப்பவர் ‘கேர்கிவர்’. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘கேரர்’. ‘கேர்டேக்கர்’ என்றால் பெரும்பாலும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், அதாவது நம் பேச்சில் ஜாகா. நேர்முகத் தேர்வில் இவற்றை மாற்றிச் சொன்னால் வேறு வேலைக்கு வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள்!

வினைச்சொற்களில்தான் கவனம் வேண்டும். ‘ரிமைண்ட்’ என்றால் நினைவூட்டு. ‘இட் ரிமைண்ட்ஸ் ஹர் டு டேக் ஹர் மெடிசின்’: மருந்து சாப்பிடும்படி அது பாட்டிக்கு நினைவூட்டுகிறது. ‘அசிஸ்ட்’ என்றால் துணை செய். முழு வேலையையும் தானே செய்வதாகப் பொருளில்லை. ‘லிஃப்ட்’ என்பதை மாடிக்கு ஏறும் பெட்டியாகவே அறிவோம். வினையாக வரும்போது ‘தூக்கு’ என்று பொருள்.

இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஜப்பானின் சாஃப்ட்பேங்க் நிறுவனம் 2014-இல் அறிமுகப்படுத்திய ‘பெப்பர்’ என்ற ரோபோட் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் உயரம், சக்கரத்தில் நகரும், பேசும், கையசைக்கும். ஆனால் ஓர் ஆளைத் தூக்காது. அதன் உற்பத்தியும் பின்னர் நிறுத்தப்பட்டது. ஆளைத் தூக்குவதற்காக ஜப்பானின் ரிக்கென் ஆய்வுக்கழகம் 2015-இல் காட்டிய ‘ரோபேர்’ கரடி முகத்தோடு இருந்தது. அது ஆய்வுக்கூடத்துப் படைப்பாகவே நின்றது. மறதி நோயாளிகளுக்குத் துணையாக மடியில் வைத்துத் தடவிக்கொடுக்கும் ‘பாரோ’வோ கடல்நாய்க் குட்டி உருவம். மனித முகம் உள்ளது தூக்குவதில்லை, தூக்குவதற்கு மனித முகம் இல்லை. விளம்பரப் படத்தைப் பார்த்து மயங்கவேண்டாம் என்று இதனால்தான் சொல்கிறோம்.

நமக்கு அருகிலும் உதாரணங்கள் உண்டு. சிங்கப்பூரின் நீ ஆன் பாலிடெக்னிக் உருவாக்கிய ‘ரோபோகோச்’ முதியோருக்கு உடற்பயிற்சி சொல்லித்தந்தது. ‘கோச்’ என்றால் பயிற்றுநர். ஷா ஆலாமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 58 சென்டிமீட்டர் உயரமுள்ள ‘நாவோ’ என்ற ரோபோட்டை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு பழகவிட்டு ஆராய்ந்தார்கள்.

தொழிலாளர்களுக்கு மிக நெருக்கமானது மலாக்காவில் உள்ள சொக்சோவின் மறுவாழ்வு மையம். அங்கே ‘வேரபிள் ரோபோட்’, அதாவது உடம்பில் அணியும் ரோபோட் இருக்கிறது. ஜப்பானின் சைபர்டைன் நிறுவனம் செய்த ‘ஹால்’ அது. காலை நகர்த்த நாம் எண்ணும்போது தோலில் தோன்றும் மிக மெல்லிய மின் குறிப்பை அதன் ‘சென்சார்’, அதாவது உணர்கருவி, பிடித்துக்கொள்கிறது. பின் மோட்டார் காலுக்கு உதவுகிறது. முகமோ பெயர்சொல்லி அழைக்கும் குரலோ கிடையாது. எங்கள் கருத்தில், இதுவரை கேட்டவற்றுள் உருப்படியானது இதுதான். சொக்சோ சந்தா கட்டும் தொழிலாளி விபத்தில் கால் விழுந்துபோனால், இப்படியொரு மையம் இருப்பது தெரிந்திருக்கவேண்டும். ‘ரிஹாபிலிடேஷன்’ என்ற நீண்ட சொல்லுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை என்பதே பொருள்.

இறுதியாகக் கையெழுத்துக்கு முன் தெரியவேண்டியவை. பள்ளியில் ‘மானிட்டர்’ என்றால் வகுப்புத் தலைவர்; இங்கே ‘மானிட்டர்’ என்றால் இடைவிடாது கண்காணிப்பது. ரோபோட்டின் கண் ஒரு கேமரா. பாட்டி உடை மாற்றும்போதும் அது பார்க்கலாம். ‘பிரைவசி’ என்றால் அந்தரங்கம். ‘கன்சென்ட்’ என்றால் இசைவு. மகனோ மகளோ கையெழுத்திட்டாலும் பாட்டியின் இசைவைக் கேட்பதே முறை. ‘கேன் வி ஸ்விட்ச் இட் ஆஃப்?’ என்று கேளுங்கள். அணைக்க முடியுமா என்று பொருள்.

இன்னொரு வாக்கியத்தை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்: ‘இஃப் ஷி ஃபால்ஸ் அட் நைட், ஹூ கம்ஸ்?’ இரவில் பாட்டி விழுந்தால் வருவது யார் என்பது இதன் பொருள். ‘தி ரோபோட் வில் அலர்ட் அஸ்’ என்று விடை வரலாம். ‘அலர்ட்’ என்றால் எச்சரிப்பது. வந்து தூக்குவது அன்று. மறுபடியும் கேளுங்கள்: ‘ஹூ கம்ஸ்?’